மூன்றாவது வாளி

பால் பாக்கெட்டின் மூலையை வெங்கடநாராயணன் முழுதாக வெட்டுவதில்லை. கத்தரியை முக்கால்வாசி தூரம் ஓட்டி நிறுத்திவிடுகிறார். அந்தச் சின்ன முக்கோணம் பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. பாலை ஊற்றியதும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதையும் பாத்திரத்திலேயே சேர்த்துவிட்டு, பாக்கெட்டை பால்கனிக் கொடியில் கிளிப் மாட்டி உலர்த்துகிறார். காய்ந்ததும் நாலாக மடிப்பார். "துண்டு தனியா விழுந்தா நேரே சாக்கடைக்குத்தான் போகும். யார் குனிஞ்சு பொறுக்கறது?" என்பது அவருடைய வாதம். பாலில் தண்ணீர் கலப்பது பற்றி அவர் மனைவி காமுவுக்கு வேறு வாதம் உண்டு.

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வீடு. பால்கனியில் பச்சை வாளி ஒன்று, நீல வாளி ஒன்று. பச்சையில் காய்கறித் தோலும் காபிச் சக்கையும். நீலத்தில் காகிதமும் பிளாஸ்டிக்கும். கண்ணாடி டம்ளர் உடைந்தால் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் பெங்காலியில் 'கண்ணாடி' என்று எழுதிவைப்பார். காலை ஏழு மணிக்கு விசில் ஊதிக்கொண்டு தள்ளுவண்டியோடு வரும் நரேனுக்கு அந்த எழுத்து பழக்கம். "மேஷோமொஷாய், ஒங்க குப்பையை வாங்கறதுக்கு முன்னாடி நான் கை கழுவிண்டு வரணும் போலிருக்கு" என்று மாமா முறை வைத்து பெங்காலியில் அவர் கிண்டல் செய்வதை வெங்கடநாராயணன் வீட்டுக்குள் வந்து தமிழில் இரண்டு முறை சொல்வார்.

ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை என்று பிரிக்கச் சொல்லி வார்டில் நோட்டீஸ் கொடுத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. எச்சில் பட்டது, படாதது, சாதம் பட்ட பத்து, பத்தில்லாதது என்று பிறந்ததிலிருந்து பிரித்தே பழகிய கை அது. "இதுக்குப் போய் நோட்டீஸ் போடறா பாரேன். நம்மாத்துல இது எழுவது வருஷமா நடக்கறது" என்றார் காமுவிடம்.

எந்த வாளியிலும் சேராதது என்று அவர் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. சுவாமி சம்பந்தப்பட்டது. வெளுத்துப்போன காலண்டர் முருகன், கண்ணாடி விரிசல் விட்ட லக்ஷ்மி படம், கை போன கொலு பொம்மை, கழற்றிய பழைய பூணூல். இதையெல்லாம் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து அவரிடம் வந்து சேரும். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு நீல நைலான் கயிற்றால் ஒரு முடிச்சுப் போடுவார். வேலையில் இருந்த காலத்தில் லாஞ்ச் ஓட்டும் சாரங் ஒருவர் சொல்லிக்கொடுத்த முடிச்சு. "இது அவிழாது. அறுத்தாத்தான் உண்டு" என்பார். வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து பாபுகாட் படித்துறைக்குப் போய், கடைசிப் படிவரை இறங்கி, கை வீசி எறிவார். பூ போடுவதற்கென்று படித்துறை ஓரமாகக் கம்பி வலை கட்டிய தொட்டி ஒன்று உண்டு. அதைத் தாண்டித்தான் இறங்குவார். "தொட்டியில போட்டா குப்பை. கங்கையில விட்டா சேர்ந்துடும்." இருபது வருஷமாக இப்படி.

அவர் பார்த்த உத்தியோகத்தையும் சொல்ல வேண்டும். கிடர்பூர் பக்கம் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம், ஆற்றில் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வடியும் என்ற அட்டவணையை டைப் அடித்துச் சரிபார்த்தவர். ஏறும் நேரத்தில் இந்த ஆறு கடலை விட்டுத் திரும்பி ஊரைப் பார்த்து ஓடும் என்பது அவருக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அது ஞாபகம் வந்ததில்லை.

எதிர் வீட்டுப் பார்த்தசாரதி, வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், போன சித்திரையில் காலமானார். படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் நீள நோட்டுகளில் ஸ்ரீராமஜெயம் எழுதிக்கொண்டிருந்தார். பதிமூன்று நோட்டு. அவர் மனைவி சுந்தரவல்லி ஆவணியில் அவற்றைப் பெண் கல்யாணத்துத் தாம்பூலப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கெட்டி பிளாஸ்டிக். 'மஹிமா – ஜெயந்த்' என்று மஞ்சள் எழுத்து.

"வழியில மழை பிடிச்சுண்டா நனைஞ்சுடப் போறது மாமா. நன்னாக் கட்டிடுங்கோ."

ஆற்றில் விடப்போவது நனையக் கூடாது என்பதில் இரண்டு பேருக்குமே விபரீதம் ஒன்றும் தெரியவில்லை. வெங்கடநாராயணன் நன்றாகவே கட்டினார். திரும்பி வந்து, "வடியற நேரம் பாத்து விட்டேன் மாமி. நாலு நாள்ல கங்காசாகர் தாண்டி சமுத்திரத்துல சேர்ந்துடும்" என்றார். அவர் நேரம் பார்க்கவில்லை. ஆறுதலாக இருக்கட்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னார். அட்டவணை டைப் அடித்தவர் சொன்னால் சுந்தரவல்லி நம்பாமல் என்ன செய்வார்?

மஹாளய அமாவாசையன்று தர்ப்பணத்துக்காக அதே படித்துறைக்குப் போனார். காலை எட்டரை மணி. தண்ணீர் நன்றாக வடிந்து, அவர் இருபது வருஷத்தில் பார்த்தறியாத நாலு படிகள் வெளியே தெரிந்தன. அதற்குக் கீழே சேறு. சேற்றில் முதலில் நீல நிறம்தான் கண்ணில் பட்டது. பிறகு முடிச்சு. ஒன்றல்ல, ஆறு. மூடிப் பத்து வருஷமான புடவைக் கடையின் கவர் ஒன்று, உள்ளே இருந்ததெல்லாம் போய், கழுத்தில் முடிச்சோடு கிடந்தது. ஓரமாக, உப்பிக்கொண்டு, தாம்பூலப் பை. எள்ளும் தண்ணீரும் கையில் இருக்க, மந்திரம் மறந்துபோய் நின்றார். அப்புறம் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஒன்றைத்தான் எடுத்துவர முடிந்தது.

அன்றிலிருந்து பால்கனியில் மூன்றாவதாக ஒரு வாளி, பழைய துண்டு போட்டு மூடி இருக்கிறது. "இது எந்தக் குப்பை மேஷோமொஷாய்?" என்று நரேன் கேட்டதற்கு, "அது ஒனக்கில்ல" என்று சொல்லிவிட்டார். பாபுகாட் போவது நின்றது. கேட்பவர்களுக்கு முழங்கால் வலி. மார்க்கெட்டுக்குத் தினம் இரண்டு நடை போகும் முழங்காலைப் பார்த்துக் காமு ஒன்றும் சொல்வதில்லை. வாளியைப் பார்த்தால்தான் சொல்கிறாள்: "பால் பாக்கெட் துணுக்குக்கு எடம் தெரியறது. இதுக்குத் தெரியலையாக்கும். மாமிகிட்ட சொல்லித் தொலைச்சுடுங்கோளேன்."

"அவ நிம்மதியா இருக்கட்டுமே" என்பார் அவர்.

தை பிறந்ததும் சுந்தரவல்லி மகன் வருணோடு சென்னைக்கே போய்விடுவதாக முடிவாயிற்று. கிளம்புவதற்கு முதல் நாள் பூஜை அலமாரியைக் காலி செய்து ஒரு பெரிய கவரில் கொண்டுவந்தார்.

"இதான் கடைசி மூட்டை மாமா. அவசரமில்ல, ஒங்க கால் சரியானப்பறம் போறும்." நாற்காலியில் உட்கார்ந்தார். "வருண் ப்ளேன்ல ஜன்னலோரமா டிக்கெட் எடுத்திருக்கான். ஏறின கொஞ்ச நாழிக்கெல்லாம் சமுத்திரம் தெரியுமாம். அவர் எழுதினதெல்லாம் அங்கதானே இருக்குன்னு பாத்துண்டே போவேன். நீங்க நேரம் பாத்து விட்டேளே, அந்தப் புண்ணியம்."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. வெங்கடநாராயணன் எழுந்தார். முழங்கால் வலிப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பால்கனிக்குப் போய் மூன்றாவது வாளியைத் தூக்கிவந்து சுந்தரவல்லியின் எதிரில் வைத்துத் துண்டை எடுத்தார்.

மஞ்சள் எழுத்தை சுந்தரவல்லி படித்து முடிக்கும்வரை காத்திருந்து, "நான் நேரம் பாக்கலை மாமி" என்றார். "திரும்பி வந்துடுத்து."

சுந்தரவல்லி தான் கொண்டுவந்த கவரைக் காலருகே இழுத்துக்கொண்டார். "அப்போ, முன்னாடியெல்லாம் குடுத்தது?"

"எல்லாம் அங்கதான் கெடக்கு. சேத்துல."

காமு கத்தரியோடு வந்தாள். அவர் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, நகத்தால் முடிச்சை நெம்பினார். காய்ந்த சேறு பொடிப்பொடியாக வேஷ்டியில் உதிர்ந்தது. வெகுநேரம் பிடித்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கயிறு தளர்ந்தது.

சுந்தரவல்லி மேலே இருந்த நோட்டை எடுத்துப் பிரித்தார். வரி வரியாக அப்படியே இருந்தது. ஒரு எழுத்துக்கூடக் கலையவில்லை. அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"நனையவே இல்லையே மாமா."

வெங்கடநாராயணன் மற்ற பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து அவர் பக்கத்தில் அடுக்கிவைத்தார். காலியான பையைத் துண்டால் துடைத்து, இரண்டாக மடித்து, பிறகு நாலாக மடித்து, பால்கனியில் இருந்த இரண்டு வாளிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.