பள்ளத்துக் கெண்டைக்குப் போட்ட ரொட்டி

பூட்டுத் திறக்கிறவருக்கு ஊரெல்லாம் நண்பர்கள் இருப்பார்கள் என்று நினைப்போம். அதெல்லாம் சும்மா. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கும்போது தெய்வமே என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள், கதவு திறந்ததும் உள்ளே போய்ச் சாத்திக்கொள்வார்கள். மாடிப்படிக்குக் கீழே, குனிந்தால்தான் நுழைய முடிகிற கடை. சாவி வெட்டும் மிஷின், ஆணிகளில் தொங்கும் சாவிகள், ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலிலேயே தலை நரைத்துப்போன சாவிக்காரருக்குக் கல்யாணமும் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு ஆள், எதிர்வரிசையில் ரொட்டிக்கடை வைத்திருந்தவர்.

ரொட்டிக்கடைக்காரர் நாலைந்து வயது மூத்தவர். இவர் அவரை அண்ணே என்பார், அவர் இவரைத் தம்பி என்பார். வாரத்தில் கடை அடைக்கிற நாளன்று சாவிக்காரர் ஊருக்கு வெளியே போய்க் கெண்டை பிடித்து வருவார். அண்ணன் கடையின் பின்புறத்தில் அடுப்பைப் பற்றவைத்துப் பொரிப்பார். இவருக்குப் பிடிக்க வரும், பொரிக்க வராது. அவருக்கு அப்படியே நேர்மாறு. தூண்டிலைக் கொடுத்தால் தன் சட்டையையே மாட்டிக்கொள்வார். ஆக, ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு மீன் கிடையாது. இந்த ஏற்பாட்டில் சாவிக்காரருக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மீன் என்றால் பெரிய மீன் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு மேல் வளராத கெண்டை. முள் என்றால் அப்படி ஒரு முள், மயிர்மயிராக. வேறு யாராவது சமைத்தால் தின்கிற நேரத்தைவிடத் துப்புகிற நேரம்தான் அதிகம். ரொட்டிக்கடைக்காரர் மட்டும் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ரொட்டி மாவின் மேல் கீறல் போடுகிற மெல்லிய பிளேடை எடுத்து, மீனின் இரண்டு பக்கமும் நெருக்கநெருக்கமாகக் கோடு கிழிப்பார். பிறகு உப்பு, மிளகு, எலுமிச்சை, மேலே ரொட்டித்தூள். காய்ந்த எண்ணெய் அந்தக் கீறல்களுக்குள் புகுந்து முள்ளையே மொறுமொறுவென்று ஆக்கிவிடும். தலையிலிருந்து வால்வரை அப்படியே கடித்துத் தின்னலாம்.

கிழிப்பதற்கு முன்னால் குடல் எடுக்கிற வேலையும் அவருடையதுதான். ஈரலோடு ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒரு பித்தப்பை இருக்கும், பட்டாணி அளவுகூட இருக்காது. அது உடைந்தால் மீனே விஷமாகக் கசக்கும். அதனால் சாவிக்காரரை அவர் கத்தி பக்கமே விட்டதில்லை. "நீ பிடிச்சிட்டு வா, போதும்" என்பார்.

பிடிக்கிற இடம், செங்கல் சூளைக்காக மண் எடுத்த பழைய பள்ளம். மழைத் தண்ணீர் தேங்கித் தேங்கிக் குளமாகிவிட்டது. அங்கே வளைந்து கிடக்கும் ஒரு மரத்தடியில் சாவிக்காரர் தினமும் சாயங்காலம் ஒரு பிடி ரொட்டித் துணுக்குகளைப் போடுவார். விற்காமல் போன எள் ரொட்டியின் ஓரங்களை அண்ணன் ஒரு சாக்கில் கட்டி இதற்கென்றே கொடுப்பார். தினமும் ஒரே இடத்தில் இரை விழுந்தால் மீன்கள் அங்கேயே குடியிருக்கும். ஆனால் தூண்டில் போடுவதற்கு முந்தின நாள் மட்டும் ஒன்றும் போடக் கூடாது. மறுநாள் காலிவயிற்றோடு சுற்றுகிற மீன்தான் கடிக்கும். இந்த விதி அவர்கள் இருவருக்கும் அத்துபடி.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த டிரைவர் வந்து சேரும்வரை.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். தெருவுக்குப் புதுக் குடி. ஒரு நாள் ரொட்டி வாங்க வந்தவர், பின்பக்கமிருந்து வந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு, "என்னண்ணே, உள்ள யாரையோ விருந்துக்குக் கூப்பிட்டிருக்கீங்க போல, என்னை மறந்துட்டீங்களே" என்று கேட்டார். ரொட்டிக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று சாவிக்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடுத்த வாரமே பின்புறத்தில் மூன்றாவதாக ஒரு ஸ்டூல் வந்துவிட்டது.

ஆள் கெட்டவரா என்றால் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சலே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். இவரோ வந்ததும் அடுப்புக்கு விறகு எடுத்துப் போட்டார், சாப்பிட்டபின் வாணலியைத் தேய்த்தார். இத்தனை வருஷத்தில் வாணலியைத் தேய்க்க வேண்டும் என்று சாவிக்காரருக்குத் தோன்றியதே இல்லை. அவருக்கும் ரொட்டிக்கடைக்காரர் 'அண்ணே'தான். அந்த வார்த்தையை ஏதோ தன் பெயருக்குப் பட்டா போட்டுவைத்திருந்ததுபோல, அதைக் கேட்கும்போதெல்லாம் சாவிக்காரருக்குச் சுருக்கென்றது. டிரைவருக்குத் தூண்டிலும் போடத் தெரியும் என்று தெரிந்த அன்று அவருக்குத் தூக்கமே வரவில்லை. மீன் பிடிக்க இன்னொரு ஆள் கிடைத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு?

இந்தக் காலத்தில்தான் ரொட்டிக்கடைக்காரரின் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சாவிக்காரருக்கு அவர் அண்ணி. காய்ச்சல் வந்து, அது எங்கெங்கோ போய், நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினார். வீடு கடைக்கு மேலேயே இருந்தது. உயிர் பிழைத்தாரே தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. எதை வாயில் வைத்தாலும் கசக்கிறது என்று ஒதுக்கிவிடுவார். சாப்பாடு இறங்க ஆரம்பித்துவிட்டால் பயமில்லை, வாய்க்கசப்பு போகவில்லையென்றால் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரொட்டிக்கடைக்காரர் பாதியாக இளைத்துவிட்டார்.

அப்படிப்பட்ட நேரத்தில் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டிய மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கோபித்துக்கொண்டார். மூன்றாவது ஸ்டூலைப் பார்க்கச் சகிக்காமல், கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொல்லி மீன் பிடிக்கப் போவதையே நிறுத்தினார். ஆனாலும் பள்ளத்துக்கு இரை போடுவதை நிறுத்தவில்லை. அண்ணன் வந்து, "என்ன தம்பி, ஏன் வர்றதில்ல?" என்று கெஞ்ச வேண்டும். அதுதான் அவர் எதிர்பார்த்தது. பெண்டாட்டியின் கவலையில் கிடந்த அண்ணன், வேலை என்று சொன்னதை வேலை என்றே நம்பிவிட்டார்.

ஒரு நாள் காலையில் தேநீருக்குத் தொட்டுக்கொள்ள ரஸ்க் வாங்கப் போனபோது உள்ளே பேச்சுக் கேட்டது. மறுநாள் போய்ப் பிடித்து வருவதாக டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார். "வளைஞ்ச மரம் ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுக்கு அடியில போடுங்க" என்று ரொட்டிக்கடைக்காரர் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

சாவிக்காரர் ரஸ்க் வாங்காமலே திரும்பினார். தன்னுடைய இடம். வெயிலிலும் மழையிலும் பிடிபிடியாக இரை போட்டுப் பழக்கிய இடம். அதை நேற்று வந்தவனுக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்று. அன்று ஒரு சாவியும் சரியாக வெட்டவில்லை. வெட்டியது எல்லாம் திரும்பி வந்தது. சாயங்காலம் ரொட்டிச் சாக்கைச் சைக்கிளில் வைத்துக் கட்டினார். பள்ளத்துக்குப் போனார். ஒரு பிடி அல்ல, சாக்கையே கவிழ்த்தார். தின்னுங்கள், வயிறு வெடிக்கத் தின்னுங்கள், நாளைக்கு அவன் எதைப் பிடிக்கிறான் என்று பார்க்கிறேன். தண்ணீர் கொதிப்பதுபோல மீன்கள் மேலே வந்து தின்றன. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் டிரைவர் வெறும் பையோடு திரும்புவதைக் கடையிலிருந்தே பார்த்தார். மனசு குளுகுளுவென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள் ரொட்டிக்கடைக்காரர் வந்து, குனிந்து கடைக்குள் தலையை நீட்டினார்.

"உன் அண்ணி நேத்து அவளா வாயத் திறந்து கேட்டா தம்பி. ரெண்டு கெண்டை பொரிச்சுக் குடுங்கன்னு. எத்தன நாளாச்சு, அவ ஒண்ணு வேணும்னு கேட்டு. உனக்கு வேலைன்னு சொன்னியேன்னு டிரைவர அனுப்பினேன். ஒண்ணுகூட மாட்டலயாம். நாளைக்கு ஒரு எட்டு போயிட்டு வர்றியா?"

சாவிக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

விடிந்ததும் கடையைத் திறக்காமல் ஓடினார். பள்ளத்தில் தக்கை அசையவே இல்லை. புழுவை மாற்றினார், மாவை மாற்றினார், ஆழத்தைக் கூட்டினார், குறைத்தார். தின்று தீர்த்த மீன்கள் எதையும் சட்டை செய்யவில்லை. வெயில் சாய்கிற நேரத்துக்குத்தான் ஒன்று கடித்தது. கையில் எடுத்துப் பார்த்தால் வயிறு உப்பிக் கிடந்தது. அழுத்தியதும் கூழான ரொட்டி பிதுங்கியது, அதில் வெள்ளை வெள்ளையாக எள்.

இதை அப்படியே கொண்டுபோனால் அண்ணன் வயிற்றைக் கிழித்த அடுத்த நொடி கண்டுபிடித்துவிடுவார். அவர் கடை எள் ரொட்டி, அதுவும் வழக்கமான ஒரு பிடி இரையில் நிறையாத அளவுக்கு, வயிறு முட்ட. வேறு யார் போட்டிருப்பார்கள்? சாவிக்காரர் சட்டைப்பையிலிருந்த பேனாக்கத்தியை எடுத்தார். அதையும் அடுத்தடுத்து மாட்டியதையும் கரையிலேயே உட்கார்ந்து கிழித்தார். பழக்கமில்லாத கை. முதல் மீனில் பச்சையாக என்னவோ கசிந்தது. குடலை ஒரு காகிதத்தில் ஒதுக்கிவிட்டு, மீனைத் தண்ணீரில் அலசிப் பைக்குள் போட்டார்.

பின்னால் செருப்புச் சத்தம். டிரைவர். பஸ்ஸை விட்டுவிட்டு, துணைக்கு இருக்கலாமே என்று வந்தாராம். காகிதத்தின் மேல் கிடந்த குடல்களைப் பார்த்தார். எள்ளைப் பார்த்தார். சாவிக்காரரின் முகத்தைப் பார்த்தார். பிறகு காகிதத்தைச் சுருட்டிப் புதருக்குள் எறிந்துவிட்டு, "போலாமாண்ணே, அவங்க காத்துட்டிருப்பாங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது சாவிக்காரருக்கு.

கடையின் பின்புறத்தில் வாணலி காய்ந்துகொண்டிருந்தது. சுத்தம் செய்த மீனைப் பார்த்து ரொட்டிக்கடைக்காரர் புருவத்தை உயர்த்தினார். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றுதான் நானே செய்துவிட்டேன் என்று சாவிக்காரர் முனகினார். அந்த அவசரத்தில் அதை யார் ஆராய்ந்தார்கள்? கீறல் விழுந்தது, ரொட்டித்தூள் விழுந்தது, எண்ணெய் சடசடத்தது. பொரிந்ததிலேயே பெரியதைத் தட்டில் வைத்துக்கொண்டு ரொட்டிக்கடைக்காரர் மாடிக்கு ஓடினார். பெரியது என்பது முதலில் மாட்டிய மீன்.

கொஞ்ச நேரத்தில் அதே தட்டோடு இறங்கி வந்தார். ஒரே ஒரு கடிதான் கடிபட்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"கசக்குதாம்" என்றார். வாணலியிலிருந்து இன்னொரு மீனை எடுத்துக் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. அப்ப அவ வாய்தான். இன்னும் சரியாகல. நாளைக்கே கொண்டுபோய்ச் சேக்கணும்." ஸ்டூலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

கடிபட்ட மீன் கிடந்த தட்டு சாவிக்காரருக்கு முன்னால் இருந்தது. அவர் அந்த மீனில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார். கசப்பு காதுவரை ஏறியது. அண்ணியின் வாயில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் இவர் கையில்.

ரொட்டிக்கடைக்காரர் நிமிர்ந்து கேட்டார். "உனக்கு எப்படி இருக்கு தம்பி?"

சொல்லலாம். பித்தம் உடைந்துவிட்டது அண்ணே, அண்ணிக்கு ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் நீ எதற்குக் கத்தியைத் தொட்டாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்தது வரும். பக்கத்தில் எல்லாம் தெரிந்த அந்த ஆள் வேறு உட்கார்ந்திருந்தார். சாவிக்காரர் மென்று விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்குண்ணே."

டிரைவர் எட்டி, அதே தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். உடனே துப்பினார்.

"அண்ணே, இது பித்தம் உடைஞ்ச மீன். யார் தின்னாலும் கசக்கும். அவங்களுக்கு ஒண்ணுமில்ல. வேற ஒண்ணு எடுத்துட்டுப் போங்க."

ரொட்டிக்கடைக்காரர் அந்தத் தட்டிலிருந்து தானும் ஒரு துளி நக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியதே, அதை எழுத்தில் சொல்ல முடியாது. சாவிக்காரர் பக்கம் திரும்பி, கவலையில் உனக்கே ருசி தெரியாமல் போய்விட்டதா என்று கேட்டார். திட்டாகக்கூடக் கேட்கவில்லை, பாவம் பார்த்துத்தான் கேட்டார். பிறகு நல்ல மீன் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறினார்.

கீழே சாவிக்காரர் தட்டிலிருந்த கசந்த மீனைக் கையில் எடுத்துக்கொண்டார். டிரைவர் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார்.

மேலே ஒரு தட்டு தரையில் வைக்கப்படும் சத்தம். அண்ணியின் குரல், பலவீனமாக, ஆனால் தெளிவாக. இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டது.

ரொட்டிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடியே இறங்கி வந்தார். நேரே டிரைவரிடம் போய் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "நீ மட்டும் சொல்லலேன்னா நாளைக்கு அவள மறுபடி அங்க கொண்டுபோய்ப் போட்டிருப்பேன்டா" என்றார். இத்தனை வருஷத்தில் சாவிக்காரரை அவர் ஒரு முறைகூட டா போட்டுக் கூப்பிட்டதில்லை. சாவிக்காரர் கையிலிருந்த கசந்த மீனைக் கீழே வைக்காமல், டிரைவரின் தோளில் கிடந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.