கேட்காமல் எடுத்த பத்திரிகை

எண்பத்தெட்டில் ஒரு காலை, அமெரிக்காவில் பார்சிப்பனியில் ஒரு யாழ்ப்பாணத்து டொக்டரின் வீட்டு வாசலில் நின்றவர்கள் நான், டொக்டரின் மனைவி, பழைய தாள் அள்ளும் ரீசைக்கிள் லாரிக்காரன். ரோட்டோரம் வைத்திருந்த டொக்டர் வீட்டுத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய யாழ்ப்பாணப் பத்திரிகைகள் என் கையில் இருந்தன.

“ரோட்டோரம் வைத்துவிட்டால் அது நகரசபைக்குச் சொந்தம். எடுத்தால் களவு,” என்று லாரிக்காரன் ஆங்கிலத்தில் சொன்னான்.

டொக்டரின் மனைவி என்னைப் பார்த்தார். “கேட்டிருந்தா உள்ளுக்குக் கூப்பிட்டுத் தந்திருப்பனே அண்ணை. ஏன் கேக்கேல்லை?”

“கேட்டா ஏனெண்டு சொல்ல வேணும், தங்கச்சி.”

ஊரில் என் மகனை இராணுவம் பிடித்துப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. முகாம்களில் இருப்பவர்களின் பெயர்கள் அந்தப் பத்திரிகையில் வரும். பெயர் வந்தால் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்து எட்டு வாரமாக ஒளித்து எடுத்தேன். சட்டம் எனக்குத் தெரியாது. ஒளித்ததால் அது களவுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அன்று அவரிடம் சொன்னேன். “நான்தான் குடுத்தனான்” என்று லாரிக்காரனிடம் ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் படியில் உட்கார்ந்தார்.

“மகன்ர பேர் என்ன? பாதியை என்னட்டத் தாங்கோ.”

இருவரும் வாசித்து முடித்தோம். அவன் பெயர் இல்லை. அந்த எட்டு வாரத்தில், அன்றோடு சேர்த்து, பார்த்த பெயர்கள் நானூற்றுப் பதினொன்று.