பின் சீட்டைப் பார்த்தவர்

தேனியிலிருந்து மதுரைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன பேருந்தில், என் பக்கத்தில் உட்கார்ந்தவரும் அதற்குத்தான் வந்திருந்தார். கோம்பைக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கடிகாரப் பட்டையில் செருகிய டிக்கெட். யாரைப் பற்றிப் பேசும் முன்பும் முன்சீட்டையும் பின்சீட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார். எங்கள் ஊர்ப்பக்கம் ஓடும் பேருந்தில் எல்லோரும் யாருக்காவது சொந்தம்.

"நீங்கள் தீர்த்துவைத்த சண்டை ஒன்றைச் சொல்லுங்கள்" என்று தேர்வில் கேட்பார்களாம். நான் ஒரு விடுதிச் சண்டையை உப்பு காரம் சேர்த்துத் தயாராக வைத்திருந்தேன். அவரிடம் நிஜமாகவே ஒன்று இருந்தது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்களை ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறார். அதையும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"பேர் சொல்லாம இதையே சொல்லுங்க, வேலை உங்களுக்குத்தான்" என்றேன்.

"கேக்குற ஆபீசர் யாருக்கு மாமனோ, யாருக்கு மச்சானோ? என்னைய நம்பித்தான அவுக வந்து உக்காந்தாக."

தேர்வு அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "ஒண்ணு இருக்கு, ஆனா அது அடுத்தவுக வீட்டு விசயம்னு சொல்லிட்டேன்."

வேலை எனக்குக் கிடைத்தது. இப்போது தேர்வுக்கு வருகிறவர்களிடம் அதே கேள்வியை நான் கேட்கிறேன். எல்லோரும் மளமளவென்று சொல்கிறார்கள். ஒருவராவது வாயைத் திறக்கும் முன் பின்னால் திரும்பிப் பார்க்கமாட்டாரா என்றிருக்கிறது.