அண்ணன் முதுகுக் கயிறு

எனக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா ஒரு வேண்டுதல் வைத்தார். நான் பிழைத்து எழுந்தால், அண்ணன் மூன்று தைப்பூசத்துக்கு முதுகில் கொக்கி மாட்டி நடப்பார். பிழைத்தது நான், வேண்டிக்கொண்டது அம்மா, முதுகு அண்ணனுடையது. அவரை யாரும் கேட்கவில்லை. கயிற்றைப் பின்னால் பிடிப்பாயா என்று என்னையும் கேட்கவில்லை. பிழைத்தவன்தான் பிடிக்க வேண்டுமாம். நன்றாக மாட்டிக்கொண்டேன்.

கொக்கிகளில் கட்டிய கயிறுகளை ஒன்றாகச் சேர்த்து ஓர் ஆள் பின்னால் பிடித்துக்கொள்வார். கொக்கி மாட்டியவர் முன்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டே போவார். முதல் இரண்டு வருடமும் நான் ஒன்றைச் சொல்லியே மனதைத் தேற்றிக்கொண்டேன். இழுப்பது அண்ணன், நான் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் வருடம் விரதம் ஆரம்பித்த வாரம், நான் உதவியாளனாக வேலை செய்யும் பள்ளி அறிவியல் கூடத்திலிருந்து ஒரு சுருள்வில் தராசைக் கேட்டு வாங்கி வந்தேன். முதுகில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று பார்த்துக் கையைப் பழக்கிக்கொள்ளத்தான். எங்கள் புந்தோங் வீட்டு வாசல் கிரில்லில் ஒரு முனையை மாட்டி இழுத்தேன். முள் ஐந்து கிலோவில் நின்றது. செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டிவிட்டு வந்த அண்ணன் அதைப் பார்த்தார். கிரில்லிலிருந்து கழற்றி அந்த முனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நீயும் ஐந்து இழு, நானும் ஐந்து இழுக்கிறேன், பத்து காட்டும் என்றார். இழுத்தோம். ஐந்துதான் காட்டியது.

"தராசு ரோசாக் ஆயிருச்சுலா," என்றார்.

தராசு கெட்டுப்போகவில்லை. இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால்தான் முள் அசையாமல் நிற்கும். நான் ஐந்து இழுத்தபோது அந்தக் கிரில்லும் ஐந்து இழுத்துக்கொண்டுதான் இருந்தது. இதை அண்ணனுக்கு விளக்க வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். சும்மா நிற்கும் இரும்பே இழுக்கிறது என்றால், பின்னால் நிற்கும் நான்? அண்ணன் எவ்வளவு சாய்ந்து இழுத்தாரோ, அதில் ஒரு கிராம் குறையாமல் நானும் அவர் தோலை இழுத்திருக்கிறேன்.

தைப்பூசத்தன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. அண்ணன் வெறுங்காலோடு தார்ச்சாலையில் சாய்ந்து போனார். பத்து இடத்தில் தோல் கொக்கியோடு எழும்பி நின்றது. என் கண்ணுக்கு நேரே அது மட்டும்தான். முன்னாலும் கூட்டம், பின்னாலும் கூட்டம், ஒதுங்க வழியில்லை. பொறுக்க முடியாமல் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவர் இன்னும் சாய்ந்தார். இன்னும் தளர்த்தினேன். தொப்பென்று முட்டி தேய விழுந்தார். அத்தனை தூரம் சாய்ந்தவரை விழாமல் நிறுத்தியிருந்ததே என் இழுப்புதான். சாலையோரத் தண்ணீர்ப் பந்தலில் நின்ற ஓர் அக்கா என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பிடித்தால் தோல், விட்டால் முட்டி. கயிற்றைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விடலாம் போல இருந்தது. அண்ணனைத் தூக்கி நிறுத்தி, மறுபடியும் இறுக்கிப் பிடித்தேன். கோயில் வரைக்கும் பிடித்தேன். அம்மா மீது வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

கோயிலில் கொக்கிகளைக் கழற்றித் திருநீறு அப்பினார்கள். மூன்று வருடமும் முடிந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அண்ணன் முட்டியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ பின்னாடி இழுக்கிறதாலதான் நான் நிக்கிறேன்னு விழுந்தப்பதான்டா தெரிஞ்சுச்சு. அடுத்த வருசமும் கொக்கி மாட்டிக்கப் போறேன்லா. அம்மாவுக்காக இல்ல, எனக்கே வேணும். வேற ஆளு வேணாம். நீயே புடி."

வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன். அவர் என் தோளில் கையைப் போட்டார். கீழே கிடந்த கயிற்றை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

"சரிண்ணே," என்றேன்.