சூப்பக்காவின் மேல்செட்

பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். ஊருக்கெல்லாம் அவர் பல்செட்காரர். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒரு ஜன்னலும் ஒரு அடுப்பும் உள்ள அறையில், இருபத்தாறு வருஷமாகப் பொய்ப்பல் செய்துகொண்டிருந்தார். முன்னறையில் டாக்டர் பிடுங்குவார். பின்னறையில் இவர் நடுவார். அலமாரி நிறைய பிளாஸ்டர் அச்சுகள், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாயைப் பிளந்தபடி நிற்கும்.

ஊரார் வாய்க்கு இவ்வளவு செய்தவர் தன் வாய்க்குச் செய்த தொண்டு தனிக் கதை. எங்கேயோ ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. பெரிய பலகை மாட்டிய கடைகளை அவர் மதிப்பதில்லை. சந்துக்குள் சந்து புகுந்து, யார் வீட்டுத் துணியோ காயும் கொடிக்கு அடியில் குனிந்து போனால்தான் அவருக்குப் பசிக்கவே செய்யும்.

மனைவியின் சித்தப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஐந்து நாளும் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். எவ்வளவு பாசம் என்று குடும்பமே உருகியது. ஐந்தாம் நாள் சட்டையில் எண்ணெய்க் கறையைப் பார்த்த மனைவி, “சித்தப்பா எப்படி இருக்கார்?” என்று கேட்டாள்.

“நல்லா மொறுமொறுன்னு…” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, “தேறிட்டார், தேறிட்டார்” என்றார்.

ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே வறுத்த மீன் கடை. சித்தப்பா படுத்திருந்த மாடிக்கு அவர் ஒருநாளும் ஏறவே இல்லை. அன்றோடு மனைவி சொல்லிவிட்டாள்: “இனிமே என்னை எந்தக் கடைக்கும் கூப்பிடாதீங்க. நான் வீட்டிலேயே மனுஷியா இருந்துக்கறேன்.”

தொழிலிலும் அவர் சும்மா இருக்கவில்லை. புதுப் பல் மாட்டியதும் கடித்துப் பார்க்க, மற்ற இடங்களில் ஆப்பிள் துண்டு கொடுப்பார்கள். இவர் காலையிலேயே போய் வாங்கி வைத்த சுட்ட கறியைக் கொடுப்பார். கடிப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பல் சரியா என்பது இரண்டாம் பட்சம்.

அப்படி ஒருநாள் கடித்துப் பார்த்த பஸ் டிரைவர் ஒருவர், நிதானமாக மென்று முழுங்கிவிட்டு, “பல்லு நல்லாருக்கு. கறி சுமார்தான்” என்றார்.

பல்செட்காரருக்குச் சுருக்கென்றது. “அப்போ நல்லது எங்க கிடைக்குதாம்?”

டிரைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குடும்ப ரகசியத்தைச் சொல்வதுபோல வழி சொன்னார். “தையல் கடைக்குப் பக்கத்துல அஞ்சு படி கீழ இறங்கணும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஏற்கனவே உட்கார இடமில்ல.”

ஐந்து படி இறங்கினால் நான்கு பெஞ்சு, ஒரு பெரிய பாத்திரம். எலும்பு சூப்பும் ரொட்டியும் தவிர வேறு எதுவும் கிடையாது. பாத்திரத்துக்குப் பின்னால் அறுபது வயது அம்மாள் ஒருவர், கையில் முழ நீளக் கரண்டியோடு. எல்லோருக்கும் அவர் சூப்பக்கா. அங்கே சாப்பாட்டைப் பற்றி யாரும் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. ஒரு டாக்ஸிக்காரர் எப்போதோ, “கொஞ்சம் மிளகு…” என்று ஆரம்பித்து, கரண்டியால் விரல் முட்டியில் வாங்கினார். அவரும் தினமும் வந்துகொண்டுதான் இருந்தார்.

முதல் வாய் உள்ளே போனதும் பல்செட்காரருக்குக் காதுக்குப் பின்னால் வியர்த்தது. கிண்ணத்தைத் துடைத்த ரொட்டியை வாயில் போட்டுவிட்டு, அடுத்த ரொட்டி கேட்டார். அதன்பின் ஏழு வருஷம் அவர் மதியச் சாப்பாடு அங்கேதான்.

இதற்கிடையில் சூப்பக்காவின் மேல்பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தன. கடைசிப் பல்லும் போன அன்று பல்செட்காரர் கைகூப்பி நின்றார். “அக்கா, உங்க மேல்செட்டை நான்தான் செய்வேன். இது என் பாக்கியம்.”

இருபத்தாறு வருஷ வித்தையையும் அந்த ஒரு செட்டில் இறக்கினார். மேலண்ணம் முழுவதையும் மூடும்படி ரோஸ் நிறத் தகடு. ஓரமெல்லாம் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். மாட்டிவிட்டு, “தும்முங்கக்கா” என்றார். சூப்பக்கா தும்மினார். மேஜையிலிருந்த பஞ்சு பறந்தது, பல் அசையவில்லை. கண்ணாடியில் பார்த்த சூப்பக்கா அரை மணி நேரம் சிரிப்பை நிறுத்தவில்லை.

மறுவாரம் சூப்பில் உப்பு ஒரு கை தூக்கலாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் இரண்டு கை. மூன்றாவது வாரம் கடலையே காய்ச்சி ஊற்றியதுபோல இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். தண்ணீர் ஜாடி கைமாறிக்கொண்டே இருந்தது. டாக்ஸிக்காரர் கண்ணில் நீர் வழிய, “அருமை அக்கா” என்றார்.

பல்செட்காரர் முதலில் தன் நாக்கைச் சந்தேகப்பட்டார். பிறகு உப்புக் கடைக்காரரை, பிறகு கறிக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், கை கழுவும் சாக்கில் அடுப்படிக்கே போய்விட்டார். சூப்பக்கா கரண்டியில் எடுத்து ருசி பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். உப்பு போட்டார். மறுபடி ருசி. மறுபடி உப்பு.

“என்னக்கா, இவ்வளவு போடுறீங்க?”

“என்னமோ தெரியல தம்பி, இப்பல்லாம் எதுவுமே வாயில ஏற மாட்டேங்குது. வயசாயிடுச்சு போல” என்று சூப்பக்கா வாயைத் திறந்து காட்டினார்.

உள்ளே, அண்ணம் முழுக்கப் போர்த்திக்கொண்டு, பளபளவென்று அவருடைய தகடு மின்னியது.

அண்ணத்தை மூடினால் ருசியும் மூடிப்போகும் என்பது பல்செட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரிலேயே நல்ல கடையைக் கெடுத்த பாவி யாரென்று மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்தாரே, அந்தப் பாவி பின்னறையில் உட்கார்ந்து பாலிஷ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

“அக்கா… அதைக் கழட்டிட்டு ஒரு தடவை ருசி பாருங்களேன்.”

“மாட்டேன். கறிக்கடைக்காரரே சொன்னார், பத்து வயசு குறைஞ்சிடுச்சுன்னு.”

“ஒரே ஒரு தடவை. என் மேல சத்தியமா!”

சூப்பக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கழட்டினார். ஒரு கரண்டி வாயில் விட்டார். விட்ட வேகத்தில் தொட்டிக்குள் துப்பினார். “ஐயையோ! இதையா இத்தனை நாளா எல்லாருக்கும் ஊத்தினேன்?” செட்டைக் கையில் பிடித்தபடியே பெஞ்சுப் பக்கம் பாய்ந்தார். “ஏன்டா, ஒருத்தன்கூட வாயைத் திறக்கலையேடா!”

டாக்ஸிக்காரர் விரல் முட்டியைத் தடவிக்கொண்டார். மற்றவர்கள் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்தார்கள்.

பல்செட்காரர் அன்று மாலையே செட்டை வாங்கிப் போய், தகட்டின் நடுப்பகுதியை வெட்டி, குதிரை லாடம் மாதிரி ஆக்கிக் கொடுத்தார். ருசி திரும்பிவிட்டது. ஆனால் பிடிமானம் போய்விட்டது. நான்காம் நாள் டாக்ஸிக்காரர் தன் கிண்ணத்தில் கரண்டியை விட்டு, “அக்கா, இன்னைக்கு எலும்பு சிரிக்குது” என்றார். பார்த்தால், சூப்புக்கு நடுவே மேல்செட். பாத்திரத்தைக் குனிந்து கிளறும்போது விழுந்திருக்கிறது.

வேறு கடையாக இருந்தால் அன்றோடு இழுத்து மூடியிருப்பார்கள். இங்கே யாரும் எழுந்திருக்கவில்லை. நால்வர் சேர்ந்து எட்டிப் பார்த்தார்கள். டாக்ஸிக்காரர் செட்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வேறு கிண்ணம் கேட்டார். சூப்பக்கா பாத்திரம் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஏற்றினார். எல்லோரும் மூன்று மணி வரை பட்டினியாக உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் பல்செட்காரர் பழையபடி முழுத் தகடு வைத்தே ஒன்று செய்து, கூடவே மூடி போட்ட ஒரு டப்பாவும் கொடுத்தார். சமைக்கும்போது பல் டப்பாவில் இருக்கும். ருசி பார்த்து, திருப்தியாகி, அடுப்பைத் தணித்த பிறகு சூப்பக்கா பல்லை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து சிரிப்பார். அவர் சிரித்தால் சூப்பு தயார் என்று அர்த்தம். இப்போது பெஞ்சில் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அடுப்படி வாசலைத்தான் பார்க்கிறார்கள்.

நடந்ததையெல்லாம் கேட்ட பல்செட்காரரின் மனைவி, “பல்லு கிடந்த சூப்புக்கு இவ்வளவு கூட்டமா?” என்று கேட்டு, அந்த அதிசயத்தைப் பார்ப்பதற்காக மட்டும் ஒருநாள் அவரோடு வந்தாள். சூப்பைத் தொடப் போவதில்லை என்று படியிறங்கும்போதே சொல்லியிருந்தாள். சூப்பக்கா வாசலில் வந்து சிரித்தார். பெஞ்சு முழுக்கக் கை தட்டியது. கிண்ணம் வந்தது. பேருக்கு ஒரு வாய் குடித்தாள். அதன் பிறகு கிண்ணத்திலிருந்து நிமிரவில்லை. தன் கிண்ணம் காலியானதும், கணவர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அது என்னோடதும்மா.”

“உங்களுக்குத்தான் ஏழு வருஷமாக் கிடைச்சுதே” என்றாள் அவள், ரொட்டியைப் பிய்த்தபடி.