தலைமை ஆசிரியர் அறையில் மூன்று தூளி

பத்தொன்பது மாதம் பூட்டிக் கிடந்த பள்ளியைத் திறந்த அன்று, அறுபத்து நான்கு பிள்ளைகளில் பதினேழு பேர் வந்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு வந்த நவம்பர் முதல் தேதி அது. வாசலில் நான் வைத்திருந்த கற்கண்டுத் தட்டில் எறும்புகள்தான் வரிசையில் வந்தன.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையில் இருக்கிற சின்னத் தொடக்கப்பள்ளி. நான் தலைமை ஆசிரியை. என்னோடு செந்தில் சார், ஜமீலா டீச்சர், சத்துணவு சமைக்கிற மலர்க்கொடி. மொத்தம் நான்கே பேர்.

திறப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நான் ஓய்வில்லாமல் உழைத்தேன். தனியாக. தரையில் இடைவெளிவிட்டு வட்டங்கள் வரைய வைத்தேன். சோப்பு, வாளி, முகக்கவசம் எல்லாம் வாங்கினேன். யார் எந்த வாசலில் நிற்பது, யார் எந்தப் பாடம் எடுப்பது என்று பட்டியல் போட்டு, மற்றவர்களிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அதைத்தான் பொறுப்பு என்று நம்பியிருந்தேன்.

தீபாவளி கழிந்தும் பதினேழு இருபதைத் தாண்டவில்லை. தாய்மாருக்குப் போன் போட்டேன். பகலில் யாரும் எடுக்கவில்லை. காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்று அறிவித்தேன். ஒரு காக்காய்கூட வரவில்லை. என் கண்ணில் நின்றவள் ஐந்தாம் வகுப்பு அபிநயா. பத்து வயதுப் பெண்பிள்ளை. இந்த வருடமும் வீட்டோடு பழகிவிட்டால், பிறகு எந்தப் பள்ளிக்கும் வரமாட்டாள். அவளைப் போல் இன்னும் எத்தனையோ பேர்.

“இந்த அம்மாக்களுக்கு அக்கறையே இல்ல” என்றேன், காலி நாற்காலிகளைப் பார்த்து.

ஜமீலா டீச்சர் பட்டியலை மேசையில் வைத்தார். “எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணிட்டு எங்ககிட்ட கையெழுத்து மட்டும் கேட்டீங்க. இப்ப புள்ளைங்க வரலன்னதும் எங்க மூஞ்சியப் பாத்தா எப்படி டீச்சர்?”

“சோப்பு இருக்கு, வாளி இருக்கு” என்றார் செந்தில் சார். “கழுவுறதுக்குக் கையிதான் இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய், யாருமில்லாத மூன்றாம் வகுப்பறையில், நான் வரைய வைத்த வட்டம் ஒன்றுக்குள் முழங்காலிட்டேன். அழுகை வந்தது. “ஆண்டவரே, பிள்ளைகளைக் கொண்டு வாரும். எனக்கு வழி தெரியவில்லை.” அந்தக் கடைசி வார்த்தைகளை என் ஜெபத்தில் அதுவரை சொன்னதில்லை. இதைச் செய்யும், அதைத் தாரும் என்று ஆண்டவரிடமும் பட்டியலைத்தான் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், கையெழுத்துக்கு.

எழுந்திருக்கவில்லை இன்னும். கதவருகே அகப்பையோடு மலர்க்கொடி நின்றார்.

“டீச்சர், முழங்கால் வலிக்கப்போவுது, எந்திரிங்க. சோறு இன்னிக்கும் நெறைய மிஞ்சும். திடல்ல உக்காந்திருக்குற புள்ளைங்களுக்குக் கொண்டுபோய்க் குடுக்கட்டுமா?”

“எந்தப் புள்ளைங்க?”

“என்ன டீச்சர் இப்படிக் கேக்குறீங்க! நம்ம புள்ளைங்கதான்.”

பதினேழு பேருக்கும் பரிமாறி, அன்று அவர்கள் வீட்டுக்குப் போனதும், சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு நான்கு பேரும் நடந்தோம். கால் மைல்கூட இல்லை. தாளடி, அதாவது இரண்டாம் போக நெல் நடவு. பெண்கள் வரிசையாகக் குனிந்து சேற்றில் நின்றார்கள். பக்கத்துத் திடலில் ஒதிய மரங்களில் தூளி தூளியாகத் தொங்கியது. ஒவ்வொரு தூளிக்கும் பக்கத்தில் என் பள்ளிப் பிள்ளை ஒன்று. அபிநயா இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் யாருடைய குழந்தையையோ ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“பால்வாடி இன்னும் தொறக்கல டீச்சர். நான் வந்துட்டா இவன யாரு பாக்குறது?”

அவள் அம்மா நாற்றுமுடியோடு நிமிர்ந்தார். “காலையில ஆறு மணிக்கு வயல்ல எறங்குறோம். நடவு நேரத்துல பத்து மணிக்குக் கூட்டம் வச்சா யாருங்க வருவா? நீங்களும் குத்தாலத்துப் பக்கம், நெல்லு வெளையுற ஊருன்னுதானே சொன்னாங்க?”

ஆமாம். என் அப்பாவின் வயலோரத்திலும் தூளிகள் தொங்கின. நடவு மாதத்தில் பகல் கூட்டம் வைக்கக்கூடாது என்று எங்கள் வீட்டு மாட்டுக்குக்கூடத் தெரியும். எனக்கு மறந்துபோயிருந்தது.

கைக்குழந்தையைப் பள்ளியில் வைக்க விதி கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தேன். “நீங்க சொல்லுங்க. என்ன செய்யலாம்?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கேட்டதை நம்பமுடியவில்லை போல.

“தம்பி தங்கச்சியையும் தூக்கிட்டு வரட்டுமே” என்றார் ஜமீலா டீச்சர். “மத்தியானம் வரைக்கும் ஆளுக்கொரு மணி நேரம் பாத்துக்குவோம்.”

“உங்க ரூம் உத்தரத்துல கொக்கி இருக்கு” என்றார் செந்தில் சார். “மூணு தூளி தாங்கும். உங்களத் தவிர யாருக்கும் எடைஞ்சல் இல்ல.”

“கஞ்சி எம்பொறுப்பு” என்றார் மலர்க்கொடி.

வரப்பில் நின்றபடியே முடிவானது. யாரும் கையெழுத்துப் போடவில்லை.

அந்தத் தாய்மார் மாலையில் கரையேறி மற்ற வீடுகளுக்கும் சொன்னார்கள். ஒரே வாரத்தில் அறுபத்து நான்கு பேரும் வந்தார்கள். கூடவே ஒன்பது குட்டிகள். அறுபத்து நான்கு கேட்டேன். ஆண்டவர் எழுபத்து மூன்று தந்தார். ஒரு கையால் வருகைப் பதிவேடு எழுதி, மறு கையால் தூளிக் கயிறு இழுத்தேன். பாதிப் பக்கங்களில் என் எழுத்து ஆடியிருக்கும்.

நடவு முடிந்தது, பால்வாடி திறந்தது, தூளிகள் இறங்கின. நான் பழைய ஆளாகத் திரும்பவில்லை. இன்றும் பள்ளி விட்டதும் நான்கு பேரும் டீ குடிக்க உட்காருகிறோம். எல்லோரும் பேசிய பிறகுதான் நான் பேசுவது. நாக்கு அரிக்கத்தான் செய்கிறது. பொறுத்துக்கொள்கிறேன்.

அபிநயா இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள் தம்பி இந்த ஜூனில் எங்களிடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். நான் படிவம் எழுத, அவன் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஏற்கெனவே இங்கே நன்றாகத் தூங்கியவன் என்று அவனுக்குத் தெரியாது. ஆண்டவருக்கு நன்றி சொல்லி, அவன் பெயரை எழுதினேன்.

விசுவாசத்தில் என் சகோதர சகோதரிகளே, எல்லாம் செய்தும் வெறுமையாய் நிற்கிறீர்களா? வழி தெரியவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். சொன்னதும் திரும்பிப் பாருங்கள். பதில் கதவருகே அகப்பையோடு நின்றுகொண்டிருக்கும்.