கேட்டால் விரலைத் தூக்குங்கோ

நேற்றுப் பின்னேரம் என் மகள் தாயின் போனில் காது சோதிக்கிற எதையோ அழுத்திவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அப்பா, நிப்பாட்டுங்கோ, காது கூசுது!" எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. போன்தான் பழுதோ என்று தட்டிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. நாற்பதைத் தொட முன்னமே எட்டு வயதுப் பிள்ளையின் இரக்கத்துக்கு ஆளாகிவிட்டேன், பாருங்கள்.

எனக்குக் கேட்காத அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்தபோது பழைய ரீவி ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டு அகதி முகாமில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டில்தான் ரீவி, பின்பக்கம் புடைத்த பெரிய பெட்டி. அதன் சத்தத்தை முழுக்கக் குறைத்திருந்தாலும் வெளியே நிற்கிற சிறுவர்களுக்கு அது ஓடுகிறதா இல்லையா என்று தெரியும். ஊசி முனை போல ஒரு கீச்சு. அம்மாவிடம் சொன்னால், "உனக்குப் படம் பாக்கிற விசர், அதுதான் கேக்குது" என்பார். பெரியவர்கள் வேண்டுமென்றே பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு திரிந்தோம்.

சண்டை முடிந்து, மன்னாரில் எங்கள் ஊரான பேசாலைக்குத் திரும்பிய பிறகுதான் அந்தக் கீச்சுக்கு விளக்கம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவன் நான். அதை நம்பி ஒரு தொண்டு நிறுவனம் எனக்குத் தற்காலிக வேலை தந்தது. செல் குண்டு வெடித்துக் காது கெட்டவர்களைச் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பெட்டி, ஒரு ஹெட்போன், சத்தம் போகும்போது எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு. விளக்கைப் பார்த்து ஏமாற்றாமல் இருக்க, வருகிறவரின் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, "கேட்டா விரலைத் தூக்குங்கோ, கேக்காட்டி இறக்குங்கோ" என்பேன்.

தொடக்கத்தில் ஒருவரும் விரலை இறக்கவில்லை. பெட்டியை நிறுத்தின பிறகும் ஒரு அம்மா விரலைத் தூக்கியபடியே இருந்தார். "கேக்குதோ அம்மா?" என்றேன். "தம்பி, நான் இஞ்சைதான் இருக்கிறன்" என்றார். எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. முகாமில் ஆள் எண்ணுகிற நாளில் பேர் கூப்பிடும்போது கை தூக்காவிட்டால் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். அத்தனை வருடம் அப்படிப் பழகின சனத்திடம் போய், கையை இறக்கினால் குற்றமில்லை என்று நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

சில்வெஸ்டர் அண்ணன் மட்டும் வேறு பயத்தோடு வந்தார், கீபோட்டைத் தன்னிடமிருந்து பறித்துவிடுவார்களோ என்று. பகலில் படகு எஞ்சின் திருத்துவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோட் வாசிப்பார். அம்பிளிபயரில் மேல்சத்தத்தைக் கூட்டுகிற ரெபிள் குமிழை முட்டத் திருகி வைப்பார். சத்தம் காதைக் கிழிக்கும். அவர் தொடங்கியதும் வாசலில் படுத்திருக்கும் சீசர் என்ற நாய் எழுந்து வெளியே போய்விடும். குழுப் பெடியள், "இந்தக் கீபோட்டிலை பட்டனை அமத்தினா அது தானே வாசிக்கும். இனி ஆள் தேவையில்லை" என்று நக்கலடித்தார்கள். கிறிஸ்து பிறக்கிற நத்தாருக்கு அப்படியே செய்வோம் என்று பங்குச் சுவாமியிடமும் சொல்லிவிட்டார்கள். முதலில் முறையிட்டவள் முன்வரிசையில் பாடும் மெற்றில்டா.

அண்ணன் கதிரையில் இருந்தார். தாழ்ந்த சத்தங்களுக்கு விரல் டக்கென்று எழும்பியது. நான் மேலே மேலே கூட்டினேன். ஓரிடத்தில் விரல் இறங்கியது.

"முடிஞ்சுதோ தம்பி?"

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "இல்லை அண்ணன், இப்பவும் போகுது."

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் வாசிச்சதெல்லாம் முழுசா எனக்கே கேக்கேல்லையோ?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகம்தான். வயது போகப் போக எல்லாருக்கும் ரீவிக் கீச்சு மாதிரியான மேல்சத்தம் கேட்பது குறையும், எஞ்சின் சத்தமும் செல் குண்டும் அதை வேளைக்கே கொண்டுவரும், எந்த மனிதனும் எல்லாவற்றையும் கேட்பதில்லை, நாய்க்கு எங்களைவிடக் கேட்கும் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன்.

"அப்ப சீசர் என்னைவிடப் பெரிய வித்துவான் எண்டுறாய்?" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் ஹெட்போனை மெல்லக் கழற்றி என்னிடம் தந்தார்.

அன்று பாட்டுப் பழகுகிற நேரம் எல்லார் முன்னாலும் சொன்னார். "பெடியள், மேல்சத்தம் எனக்குக் கேக்காது. சோதிச்சுப் பாத்தாச்சு. மெற்றில்டா, நீ வந்து குமிழைத் திருகு. எந்த இடத்திலை நல்லாயிருக்கோ அந்த இடத்திலை விடு." அவள் தயங்கித் தயங்கித் திருகினாள். குமிழ் பாதிக்கும் கீழே வந்து நின்றது. "எனக்கு இது மூடி போட்ட மாதிரிக் கிடக்கு. உங்களுக்கு?" என்று கேட்டார். "எங்களுக்குச் சரி அங்கிள்" என்றாள். குமிழ் இனி அசையாதபடி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை அதன் மேல் அவரே ஒட்டினார். பட்டன் கதையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. நத்தார்ப் பூசையில் தனக்கு முழுதாகக் கேட்காத பாட்டை அவர் பிசகாமல் வாசித்தார். சீசர் வாசலிலேயே படுத்திருந்தது.

அண்ணன் இப்போது இல்லை. அந்தக் கீபோட்டும் இல்லை. கோயிலில் இசை போனிலிருந்து வருகிறது. என் மகள் கேட்கும் பாட்டுகளை மிசினே எழுதி மிசினே பாடுகிறதாம். நாளைக்கு மனிதக் காதுக்கு எட்டாத இடத்திலும் அது பாடும். அதை நிறுத்த ஒரு குமிழ் இருக்குமோ, யாருக்குத் தெரியும். புடைத்த ரீவிகள் உலகத்திலிருந்தே போய்விட்டன. எங்காவது ஒன்று மிஞ்சி ஓடினாலும் அந்தக் கீச்சுக்கு என்னிடம் காது இல்லை.

நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் மகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி இருத்தினேன். "கேட்டா விரலைத் தூக்கு, கேக்காட்டி இறக்கு." போனில் சத்தம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. மெலிந்தது. பிறகு எனக்கு ஒரு சத்தமும் இல்லை, போனில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

அவளின் விரல் இன்னும் மேலேதான் இருந்தது.